இறந்தவர் ஒழுங்காகக் கட்டினார்

நான் வேலை செய்கிற கம்பனி, கடைகளுக்குக் கியூஆர் அட்டை கொடுக்கிற கம்பனி. வாங்க வருகிறவர் தொலைபேசியை அட்டைக்கு முன்னால் பிடித்தால் காசு கடைக்காரரின் கணக்குக்குப் போய்விடும். வெளியில் தெரிகிற வேலை அது. என்னுடைய வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. அதே கடைக்காரர்களுக்குக் கம்பனி குறுகிய காலக் கடனும் கொடுக்கிறது. அந்தக் கடனைக் கட்ட அவர்கள் எங்கேயும் போகத் தேவையில்லை. கடையில் ஒவ்வொரு முறை ஸ்கான் பண்ணும்போதும் ஒரு பங்கைக் கம்பனி தானாகவே பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு ஒன்றும் வராத கடைகளுக்கு நான் போகவேண்டும். கொழும்புக் கூட்டங்களில் இந்தக் காசுக்கு ஆங்கிலத்தில் மரியாதையான ஒரு பெயர் உண்டு. எங்கள் அலுவலகத்தில் 'வரவேண்டியது' என்போம். யாழ்ப்பாணத்தில் வரவேண்டியதற்கெல்லாம் நானும் என்னுடைய ஸ்கூட்டியும் பொறுப்பு.

ஆவணியில் இந்த ஊர் வேறு ஊர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திருவிழாவுக்கும் கலியாணங்களுக்குமாக வாகனம் பிடித்துத் திரிவார்கள். இளநீர் விற்கிறவர்கூட இரண்டு மாதத்துக்கு முதலாளி. கடன் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை எங்கள் கம்பனியில் மனிதர்கள் தீர்மானிப்பதில்லை. கணினி கடைசி இரண்டு மூன்று மாத விற்பனையைப் பார்த்துத் தானே முடிவெடுத்து, கடைக்காரரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். அதற்கு ஆவணி தெரியும், கார்த்திகை தெரியாது. மாரி தொடங்கியதும் வெள்ளம் நிற்கும், வீதியில் ஆள் இருக்காது, நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். இதை ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"இண்டைக்கு எத்தினை பேரோடை சண்டை?" என்று என் கணவர் பின்னேரத்தில் கேட்பார். ஒருவரோடும் சண்டை வராது என்பதுதான் என்னுடைய களைப்பு. சண்டை பிடித்தாலாவது கோபத்தில் கொஞ்சம் உசார் வரும். எங்கள் சனம் கதிரையை இழுத்துப் போடும், தேத்தண்ணி தரும், பிறகு தங்கள் கஷ்டத்தை முதலிலிருந்து சொல்லும். எல்லாம் உண்மையாக இருக்கும். உண்மையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, 'அடுத்த கிழமை கட்டுவதாகச் சொன்னார்' என்று கம்பனி தந்த டப் கணினியில் பதிவேன்.

நீர்வேலியில் பருத்தித்துறை வீதியோரம் ஒரு வாழைப்பழக்கடை இருந்தது. கடை என்பது நாலு கம்பும் ஒரு தகரமும். கதலிக் குலைகளும் இதரைக் குலைகளும் வரிசையாகத் தொங்கும். கடைக்கார அண்ணை எங்கள் அட்டையைக் கயிற்றில் கட்டி, குலைகளுக்கு நடுவே அதையும் ஒரு குலை மாதிரித் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அவரில் ஒரு பிரியம் இருந்தது. என்னைக் கண்டால் ஒளிக்காத மனிதர் அவர்.

"தங்கச்சி, உங்கடை கம்பனி கெட்டிக்காரக் கம்பனி," என்றார் ஒருநாள். "காசைப் பிடிக்குது, ஆனால் நோகேல்லை. கையாலை எடுத்துக் குடுக்கிறதெண்டால் எனக்கு நெஞ்சு பத்தும்."

அந்த ஆவணியில் அவருடைய கடை நன்றாக ஓடியது. கணினி அவருக்கும் ஒரு தொகையைக் காட்டியது. அவர் எடுத்தார். தோட்டக்காரருக்கு முற்காசு கொடுத்துக் குலைகளை மொத்தமாகப் பேசினார். புரட்டாசி, ஐப்பசி இரண்டிலும் பிடிக்கவேண்டியது சரியாகப் பிடிபட்டது. கார்த்திகையில் ஒருநாள் அவருடைய பெயருக்கு எதிரே ஒன்றும் வரவில்லை. மழை என்று விட்டேன். பிறகும் வரவில்லை. தொலைபேசி எடுத்துப் பார்த்தேன், நிறுத்தியிருந்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் போனேன்.

கடையைப் படங்கால் மூடிக் கட்டியிருந்தது. பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்னுடைய மழைக்கோட்டில் இருந்த கம்பனிப் பெயரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதே? ஆள் மோசம் போட்டுது. எலிக்காய்ச்சல். தோட்டத்துக்கை வெள்ளத்திலை நிண்டு குலை வெட்டினவர். சும்மா தடிமன் காய்ச்சல் எண்டு குளிசையைப் போட்டுக்கொண்டு திரிஞ்சிட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை நேரம் போட்டுது."

வீடு எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். ஒழுங்கைக்குள் திரும்பியதும் பந்தல் தெரிந்தது. முதல் நாள்தான் எரித்திருந்தார்கள். மழைக்கோட்டைக் கழற்றி, பெயர் உள்ளே போகும்படி மடித்து ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நடந்தேன்.

பெண்கள் நடுவே அண்ணையின் மனைவியான அக்கா பாயில் இருந்தார். அவரைக் கடையில் ஓரிரு முறைதான் கண்டிருக்கிறேன், மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்தார்.

"நீங்கள் கியூஆர் பிள்ளையெல்லோ? மழையுக்கை வந்திருக்கிறியள். அவர் உங்களைப் பற்றிக் கதைக்கிறவர்."

அங்கிருந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். கம்பனியிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள், நல்ல கம்பனி என்று ஒருவர் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. தேத்தண்ணி வந்தது. குடிக்க முடியவில்லை, குடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, செத்தவீட்டில் செய்வதுபோல ஒருவரிடமும் சொல்லாமல் எழும்பி வந்தேன். அன்று டப்பில் 'கடை பூட்டு' என்று மட்டும் பதிந்தேன்.

அலுவலகத்தில் எங்கள் முகாமையாளருக்கு என்னைவிட வயது குறைவு. நான் அவரை 'சேர்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். கெட்டவரல்ல. அவருக்கும் மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு காலையும் தொலைபேசியில் அவரை வறுப்பார்கள். நான் விசயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். ஆனால் அக்கா, இதுக்கு வழி இருக்கு. மரண சேட்டிபிக்கற் கொப்பி ஒண்டு எடுத்துத் தாங்கோ. கொழும்புக்கு அனுப்பினால் மிச்சக் கடனைக் கழிச்சு விடுவினம். அதுக்குக் காப்புறுதி இருக்கு."

"கணக்கு?"

"கணக்கை அண்டைக்கே மறிப்பினம். செத்த ஆளின்ரை பேரிலை காசு வரேலாதெல்லோ."

நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். போனவரின் கடன் போகும், அந்தப் பெண்ணுக்குப் பாரம் இராது. முப்பத்தோராம் நாள் காரியம் முடியட்டும் என்று இருவரும் பேசி விட்டுவைத்தோம்.

ஆனால் அதற்கு முன்பே, ஒரு காலையில், அண்ணையின் பெயருக்கு எதிரே காசு வரத் தொடங்கியது. முதலில் ஒரு சின்னத் தொகை, ஒரு சீப்பு வாழைப்பழத்தின் விலை. பிறகு இன்னொன்று. கணினி அதிலும் தன் பங்கைப் பிடித்தது. நான் மேசையில் இருந்தபடி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவீட்டில் பாயில் இருந்த பெண் இப்போது வீதியோரத்தில் நிற்கிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

முப்பத்தொன்று கழிந்தபிறகு போனேன். குலைகள் குறைவு. அட்டை அதே கயிற்றில் தொங்கியது. அக்கா வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை கட்டி, கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு சீப்பு வெட்டிக்கொண்டிருந்தார். நான் மரண அத்தாட்சியைக் கேட்டேன். கடன் கழிவதையும் கணக்கு மறிபடுவதையும் விளங்கப்படுத்தினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கடனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கணக்கை மறிச்சால் எப்ப திறப்பினம்?"

"அது திறக்காது அக்கா. உங்கடை பேரிலை புதுசா ஒண்டு எடுக்கவேணும்."

"அது எத்தினை நாள்?"

கடைப் பதிவு அண்ணையின் பெயரில். பிரதேச சபை அனுமதியும் அவர் பெயரில். அவற்றையெல்லாம் மாற்றி, கிராம சேவையாளர் கடிதம் எடுத்து, கொழும்புக்கு அனுப்பி முடிய மாதக்கணக்கில் போகும். பொய் சொல்ல மனமில்லாமல் அதைச் சொன்னேன்.

"தை பிறக்கப் போகுது," என்றார் அவர். "பொங்கலுக்கு விக்கிறதை வச்சுத்தான் நான் தோட்டக்காரருக்குக் குடுக்கவேணும். இப்ப ஆர் காசு கொண்டு வருகினம்? காரிலை வாறவை எல்லாரும் ஃபோனைத்தான் நீட்டுகினம். அட்டை இல்லையெண்டால் அடுத்த கடைக்குப் போவினம். கடனைக் கழிக்கிறதெண்டால் கழிக்கட்டும், கணக்கை மட்டும் மறிக்கவேண்டாம் எண்டு சொல்லேலாதே?"

"ரெண்டும் ஒண்டாத்தான் நடக்கும் அக்கா."

அப்போது ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவர் இதரை நல்லதா என்று கேட்டார். அக்கா நிறுத்துக் கொடுத்தார். அவர் தொலைபேசியை அட்டைக்கு முன்னால் பிடித்தார். அண்ணையின் பழைய தொலைபேசி அக்காவின் இடுப்பில் இருந்து ஒரு சத்தம் போட்டது. வான் போனதும் அக்கா கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அப்ப அவர் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடை இருக்கட்டும்," என்றார் பிறகு. "கடனை நான் கட்டுறன்."

"கட்டத் தேவையில்லாத காசு அக்கா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். அவர் எடுத்த காசிலை தானே இந்தக் குலையெல்லாம் வந்தது. நான் பெருமைக்கு வேண்டாம் எண்டு சொல்லேல்லை பிள்ளை. எனக்குக் கடை ஓடவேணும்."

திரும்பி வந்து முகாமையாளரிடம் அப்படியே சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு தனியே சுமக்க எனக்குத் தெம்பில்லை. அவர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தார். அதில் ஒருவரும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அக்கா, நான் இப்ப ஃபோனிலை நிக்கிறன். நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்குக் கேக்கேல்லை," என்றார். பிறகு, "காசு வருகுதுதானே?" என்றார்.

"வருகுது சேர்."

"அப்ப விடுங்கோ."

அப்படியே விட்டோம். பொங்கலுக்கு நன்றாக விற்றது. அதற்குப் பிறகு கொஞ்சம் விழுந்தது, பிறகு எழும்பியது. அக்கா தோட்டங்களுக்குத் தானே போய்க் குலை பேசப் பழகினார். முதலில் அவரை ஏமாற்றிப் பிஞ்சுக் குலைகளைத் தலையில் கட்டினார்கள். ஒரு லோட் முழுவதும் பழுக்காமல் கறுத்துப் போனதைச் சொல்லிக் கடையில் வைத்தே அழுதார். அழுதுகொண்டே அடுத்த ஆளுக்கு நிறுத்தும் கொடுத்தார். அந்த வீதியால் போகிற நேரமெல்லாம் நான் ஒரு சீப்பு வாங்குவேன். காசாகக் கொடுத்தால் முறைப்பார். "ஸ்கான் பண்ணுங்கோ, அவரின்ரை கடனிலை கொஞ்சம் குறையட்டும்," என்பார்.

எனக்குப் பயமும் இருந்தது. கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் டப்பைத் திறந்து, அண்ணையின் பெயரில் நான் பதிந்ததையெல்லாம் திரும்ப வாசிப்பேன். ஒரு மாதக் கூட்டத்தில் வலிகாமப் பகுதியின் நிலுவை குறைந்திருக்கிறது என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் என்று சில பெயர்கள் பச்சை நிறத்தில் வந்தன. அண்ணையின் பெயர் மேலே இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முகாமையாளர் மட்டும் குனிந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய், உடுப்புக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தேன். கணவர் சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார். பாராட்டினார்கள் என்றேன்.

வைகாசியில் ஒருநாள் மத்தியானம், நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது அக்கா தொலைபேசி எடுத்தார். குரல் வழமைபோல இல்லை.

"பிள்ளை, அவருக்கு வாழ்த்து வந்திருக்கு."

"என்ன வாழ்த்து?"

வாசித்துக் காட்டினார். கடன் முழுவதும் கட்டி முடிந்துவிட்டதாம். அவருடைய நல்ல பழக்கத்தைக் கம்பனி மெச்சுகிறதாம். அதனால் முன்பு எடுத்ததைப்போல இரண்டு மடங்கு அவருக்காகத் தயாராக இருக்கிறதாம். ஒரு பொத்தானை அமத்தினால் போதுமாம்.

நான் பார்சலைத் திரும்ப மூடி வைத்தேன். வீதியில் வாகனங்கள் போகிற சத்தம் மட்டும் வந்தது.

"பழைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒண்டு பெட்டியோடை விலைக்கு வந்திருக்கு," என்றார் பிறகு. "அது இருந்தால் குலை ஏத்த நான் ஒருத்தருக்கும் கூலி குடுக்கத் தேவையில்லை. அவரின்ரை இரகசிய இலக்கம் எனக்குத் தெரியும். அமத்தட்டே?"

அந்த நேரத்தில் ஓம் என்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்கும். அவர் அதையும் கட்டி முடித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இடையில் ஒரு மழை, ஒரு காய்ச்சல், யாரோ ஒருவரின் வாய் போதும். செத்தவர் பேரில் கடன் எடுத்த பெண் என்று அவரைப் பொலிஸில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

"வேண்டாம் அக்கா. இதுவரைக்கும் அவர் எடுத்ததை நீங்கள் கட்டினீங்கள். அதை ஆரும் பிழையெண்டு சொல்லலாம், களவெண்டு சொல்லேலாது. இது வேறை. இனி உங்கடை பேரிலை எடுங்கோ."

"என்ரை பேரிலை தருவினமே?"

"உடனை தரமாட்டினம். நீங்கள் அவைக்குப் புது ஆள்."

"நான் புது ஆளோ?" குரல் உயர்ந்தது. அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "மாரிக்கை நிண்டு வித்தது ஆர்? பொங்கலுக்குக் கண் முழிச்சது ஆர்? கட்டினது நான். வாழ்த்து அவருக்கோ?"

நான் கொழும்போடு கதைத்துப் பார்க்கிறேன் என்றேன். கதைத்தும் பார்த்தேன். மனைவி நடத்துகிற கடை, அந்த நல்ல வரலாற்றை அவருடைய பெயருக்கு மாற்றலாமா என்று, யார் எவர் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டு எழுதினேன். அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கீழே, இன்றைய நாள் இனிதாக அமையட்டும் என்று இருந்தது.

அக்கா பொத்தானை அமத்தவில்லை. கோபத்தில் ஒரு கிழமை என்னோடு கதைக்கவுமில்லை. அந்தக் கிழமையில் தானாகவே கிராம சேவையாளரிடம் போயிருக்கிறார், பிரதேச சபைக்குப் போயிருக்கிறார், வரிசையில் நின்றிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து, பத்திரங்கள் எல்லாம் சரிவந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். கணக்கில் கிடந்ததை எடுத்து முடித்துவிட்டு, மரண அத்தாட்சியின் கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து என் கையில் தந்தார்.

"இனி அவரை விட்டுடுங்கோ," என்றார்.

முகாமையாளர் அதை வாங்கித் திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொழும்புக்கு அனுப்பும் படிவத்தில், தாமதத்துக்குக் காரணம் கேட்கிற இடத்தில், 'குடும்பத்தார் துக்கத்தில் இருந்தனர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பொய்யென்று அதைச் சொல்ல முடியாது. அன்று பின்னேரமே கணக்கு மறிபட்டது. கடன் ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் கழிக்க ஒன்றும் இருக்கவில்லை. யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. நான் அத்தனை மாதம் பயந்து கிடந்த விசாரணை வரவேயில்லை. அதைப் பார்க்கிற நேரம் அங்கே ஒருவருக்கும் இல்லை.

புது அட்டை வர நாள் எடுத்தது. அதுவரை அக்கா காசுக்கு விற்றார். சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். லான்ட்மாஸ்ரரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அவர் இன்னும் கூலிக்குத்தான் குலை ஏற்றுகிறார். பல மாதங்களுக்குப் பிறகு, கணினி அவருடைய பெயருக்கும் ஒரு தொகையைக் காட்டியது. அரை லோட் குலைக்கும் போதாத தொகை. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேண்டாம் என்று அமத்தியதாகச் சொன்னார். கணினி அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கடனில் ஆர்வமில்லாத வாடிக்கையாளர். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

போன கிழமை கரவெட்டியில் பூட்டியிருந்த ஒரு கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவரிடம் நின்றேன். வெயில். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ பிள்ளை. நான் ஒருக்கால் வீட்டை போட்டு வாறன், உலையிலை அரிசி கிடக்கு. ஆரும் வந்தால் குடுங்கோ."

விலை என்ன என்று கேட்பதற்குள் வீதியைத் தாண்டிவிட்டார். நான் குலைகளுக்குக் கீழே இருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பனும் மகளும் வந்து கதலி கேட்டார்கள். கிலோ என்ன விலை என்றார் அவர். தெரியாது, கடைக்காரர் வரும்வரை நில்லுங்கள் என்றேன். அவர்கள் நின்றார்கள். அவசரம் ஒருவருக்கும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை தொங்குகிற சீப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது.